துகிலும் தூரிகையும்



சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், திட்டமாகச் சொன்னால் 1908-ஆம் ஆண்டு முதல் 1925-ஆம் ஆண்டு வரையில், பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகளின் உடைகளைக் காட்டுவதற்கென்று வரையப்பெற்ற வர்ணச் சித்திரங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். உடை விற்பதற்காக எழுதிய படத்தைக் கலை என்று கொண்டாடலாமா, செல்வச் சீமாட்டிகளின் ஆடம்பரத்தோடு பிறந்து அதனோடு மறைந்துபோன ஒன்றுக்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிடலாமா என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழக்கூடும், எழுவது நியாயமே. என்னுடைய துணிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினேழு ஆண்டுகளில் சித்திரமானது உடைக்குப் பின்னால் கைகட்டிச் செல்லும் ஊழியத்தை விட்டு, உடைக்கு முன்னால் நடந்து, பெண்ணுருவத்தின் லாவண்யம் இனி எப்படி இருக்கப்போகிறது என்பதைத் தையற்காரருக்கே எடுத்துக் காட்டும் தகுதியைப் பெற்றது. அந்தத் தகுதியில், படத்தின் மூலையில் கையெழுத்திட்ட ஓவியருக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை, எங்குமே கையெழுத்திடாத வர்ணத் தொழிலாளருக்கும் உண்டு.

இந்தச் சித்திரங்களின் புதுமையை உணர வேண்டுமானால் இவற்றுக்கு முந்திய தலைமுறையின் படங்களைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸிலிருந்து வெளிவந்த மாதர் சஞ்சிகைகளில், எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, பிறகு கையால் வர்ணம் தீட்டிய உடைப் படங்கள் இதழ்தோறும் இணைக்கப்பட்டு வந்தன. கொலேன் என்ற ஓவியக் குடும்பத்தில் பிறந்த அனாயிஸ் தூதூஸ், எலோயீஸ் லெலுவார், லோர் நோயெல் என்னும் மூன்று சகோதரிகள் இந்தத் துறையில் நீண்ட காலம் உழைத்துப் பெயர் பெற்றார்கள். அப்படங்களில் பெரும்பாலும் இரண்டு மாதர் ஒரு கூடத்திலோ பூங்காவிலோ நிற்பார்கள். ஒருத்தி முகம் காட்டி நின்றால் மற்றவள் முதுகு காட்டி நிற்பாள். எங்கேயோ ஒரு சிற்றூரில் இருக்கும் தையற்காரி, அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டே, கொசுவம் எத்தனை, லேஸ் எத்தனை வரிசை, பொத்தான் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்த்துத் துணியை வெட்ட வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தை அவர்கள் செவ்வையாகவே நிறைவேற்றினார்கள். அவர்களுடைய உழைப்பை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். ஆயினும், ஆடையின் ஒவ்வொரு மடிப்பும் விளங்கும் அந்தப் படங்களில், ஆடைக்குள் இருக்கும் பெண்ணுக்கு ஒரு மனம் உண்டு என்பதற்கு அடையாளமே இல்லை. இருவரும் பேசிக்கொள்வது போல் வரைந்திருக்கும், ஆனால் பேச்சு நம் செவியில் விழாது.

1900-ஆம் ஆண்டை ஒட்டிய நாகரிகப் பெண்ணின் உருவமோ சித்திரக்காரனுக்குச் சற்றும் உதவாத உருவம். கார்செட் என்னும் இறுக்குக் கச்சை, திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் கீற்றுகளையும் எஃகுப் பட்டைகளையும் வைத்துத் தைத்து, இடையைச் சுருக்கி, மார்பை முன்னுக்கும் பின்புறத்தைப் பின்னுக்கும் தள்ளி, உடம்பை இரண்டு துண்டாக்கி வைத்திருந்தது. அதன்மேல் அடுக்கடுக்காகப் பாவாடை, சுருக்கு, ரிப்பன், பூ, இறகு. எல்லாவற்றுக்கும் மங்கலான இளநீலமும் வெளிறிய ரோஜாவும். இந்தக் குவியலில் கண் ஓடுவதற்கு ஒரு நேர்கோடு கிடையாது. போல் புவாரே என்ற உடைக் கலைஞர் வந்துதான் அந்தக் கோட்டைத் திரும்பக் கொடுத்தார்.

புவாரே 1879-இல் பாரிஸில் பிறந்தவர்; தூசே, வோர்த் ஆகிய பெரிய இல்லங்களில் பயின்று, 1903-இல் தமக்கென்று ஓர் உடை இல்லம் தொடங்கினார். இடையை இறுக்குவதை விட்டு, துணி முழுவதும் தோளிலிருந்து தொங்கும்படி, மார்புக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் வைத்து, பாதம் வரையில் நேராக விழும் ஆடையை அவர் அமைத்தார். கார்செட்டை ஒழித்த பெருமைக்கு அவரைத் தவிர வேறு சிலரும் உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். அந்த வழக்கை நான் தீர்க்கப்போவதில்லை. அதே புவாரே சில ஆண்டுகளில் கணுக்காலருகே குறுகிய பாவாடையைக் கொண்டுவந்து, பெண்கள் அடியெடுத்து வைப்பதையே கடினமாக்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நமக்கு முக்கியமானது வேறு. தாம் வெட்டிய ஆடையின் எளிமையைப் பழைய எஃகுச் செதுக்குப் படங்களால் காட்ட முடியாது என்பதை அவர் தெரிந்துகொண்டார். எண்ணுவதற்குக் கொசுவமே இல்லாத ஆடைக்குக் கொசுவத்தை எண்ணிக் காட்டும் படம் எதற்கு? இருபத்தைந்து வயதை ஒட்டியிருந்த போல் இரீப் என்ற இளைஞரை அவர் அழைத்தார்.

அதன் பயனாக 1908-இல் வெளிவந்த சிறு தொகுப்புத்தான் 'போல் புவாரேயின் ஆடைகள், போல் இரீப் சொல்லியபடி' என்பது. பத்துச் சித்திரங்கள், 250 பிரதிகள். அது கடைக்கு வந்த புத்தகம் அன்று. புவாரே தம்முடைய வாடிக்கைச் சீமாட்டிகளுக்கும் பிற பெருமக்களுக்கும் அன்பளிப்பாக அனுப்பிய புத்தகம். ஐரோப்பிய அரசிகளுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பியதாகவும், எல்லோரும் மகிழ்ந்து ஏற்க, இங்கிலாந்து அரசியாரிடமிருந்து மட்டும் புத்தகம் திரும்பி வந்ததாகவும் புவாரே தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

இரீப் செய்த காரியத்தை நிதானமாகக் கவனியுங்கள். பின்னணியில் நெப்போலியன் காலத்து நாற்காலி, சுவரில் ஒரு பழைய படம், ஒரு சிறு மேஜை, இவையெல்லாம் மெல்லிய கறுப்புக் கோடாகவும் சாம்பல் நிறமாகவும் மட்டும் இருக்கின்றன. வர்ணம் ஆடையில் மாத்திரம் நிரம்பியிருக்கிறது. அந்த வர்ணத்திலும் நிழல் இல்லை, ஒளி இல்லை, உருட்சி காட்டும் முயற்சி இல்லை. ஒரே சீரான மஞ்சள், ஒரே சீரான சிவப்பு, ஓரத்தில் ஒரே கோடு. ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களைப் பாரிஸ் ஓவியர்கள் அரை நூற்றாண்டாகப் பார்த்துப் பார்த்து அடைந்த பாடம் இங்கே ஆடையின் வெட்டோடு வந்து சேர்ந்தது. பெண்களும் நம்மைப் பார்த்து நிற்கவில்லை. சிலர் முதுகைக் காட்டிக்கொண்டு வேறெதையோ கவனிக்கிறார்கள். நாம் பார்க்கிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. ஆடையை விற்க வந்த படத்தில் ஆடை அணிந்தவள் வாங்குபவரைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்ப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்! பழைய சகோதரிகளின் படத்தில் கேட்காத பேச்சு இங்கே, முகம் தெரியாத நிலையிலும், கேட்கிறது.

இதற்கிடையில் 1909-இல் தியாகிலெவின் ருஷ்ய நாட்டியக் குழு பாரிஸுக்கு வந்தது. மறு ஆண்டு 'ஷெஹராசாதே' நாட்டியத்துக்காக லெயோன் பாக்ஸ்ட் அமைத்த அரங்கமும் உடைகளும் நகரத்தின் கண்களை மாற்றிவிட்டன. பச்சைக்கு அருகே நீலத்தையும், செம்மஞ்சளுக்கு அருகே சிவப்பையும் கூசாமல் வைக்கலாம் என்று எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். புவாரேயோ பாக்ஸ்டிடமிருந்து தாம் எதையும் பெறவில்லை என்று கடைசி வரை வாதாடினார். 1911-இல் அவர் இரண்டாவது தொகுப்பை வெளியிட்டார். அதை வரைந்தவர் ழோர்ழ் லெபாப், இருபத்துநான்கு வயது நிறையாத இளைஞர். இம்முறை பிரதிகள் ஆயிரம். தலைப்பாகை கட்டிய மாதரின் நீண்ட கண்களும் சாய்ந்த கழுத்தும் தொகுப்பு முழுவதும் நிறைந்திருக்கின்றன. அதன் கடைசிப் பகுதியில், நாளைய பெண்கள் என்ற தலைப்பில், கால்சட்டை அணிந்த மாதர்களை அவர் வரைந்தார். அவ்வாண்டிலேயே புவாரேயின் கால்சட்டைப் பாவாடை வீதிக்கு வந்தபோது பெரிய ஆரவாரமும் கண்டனமும் எழுந்தன. பெண்ணின் நாளைய நடையை ஒரு சித்திரத் தொகுப்பு முன்கூட்டித் தீட்டிக் காட்டியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பக்கேன் என்ற உடை இல்லமும் அதே ஆண்டில் விசிறிகளையும் மென்மயிர்த் தோலாடைகளையும் பற்றி இரீப், லெபாப், ழோர்ழ் பார்பியே என்ற ஓவியர் மூவரையும் கொண்டு ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஒரு கடைக்காரரின் விசித்திர ஆசையாகத் தொடங்கியது மூன்றே ஆண்டில் ஒரு மரபாகிவிட்டது.

அந்த 1911-ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் நிகழ்ந்த ஒன்றை நான் விரிவாகவே சொல்ல வேண்டும். 'ஆர் எ தெகோரசியோன்' என்ற கலைச் சஞ்சிகையில் ஆடையின் கலையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதற்கு லெபாப் வரைந்த சித்திரங்களும் இருந்தன. அமெரிக்கரான எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த புகைப்படங்களும் இருந்தன. இரண்டும் புவாரேயின் ஆடைகளையே காட்டுவன. நாகரிக உடையைக் கலையுணர்வோடு படம் பிடித்த முதல் முயற்சி தம்முடையதே என்று ஸ்டைக்கன் பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார். ஒரே ஆடைக்காரரின் கைவேலையைத் தூரிகையும் காமிராவும் ஒரே கட்டுரையில் எதிரெதிரே காட்டும் இந்த ஏடுகளைப் போல இத்துறை மாணவனுக்குப் பயன்படும் ஆவணம் வேறில்லை. புகைப்படத்தில் ஸாட்டினின் கனம் தெரிகிறது. கூடத்தின் மங்கலான ஒளி தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் வர்ணம் இல்லை, அந்த மாதர் சற்று நேரம் அசையாமல் நிற்கச் சொல்லப்பட்டவர்கள் என்பதும் தெரிகிறது. லெபாப்பின் சித்திரத்தில் துணியின் கனத்தை நாம் ஊகித்துத்தான் கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பெண் எதற்காகத் திரும்பினாள் என்பது தெரிகிறது. அக்காலத்து அச்சுக்கூடம் புகைப்படத்துக்கு வர்ணத்தை எளிதில் கொடுக்க இயலாதிருந்ததனால் போட்டியில் அன்று தூரிகையே வென்றது. ஸ்டைக்கனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் திரும்பி வருவோம்.

1912-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லூசியன் வொஜெல் என்பவர் 'கஸெத் து போன் தோன்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். ஷெருயி, தொய்யே, தூசே, பக்கேன், புவாரே, ரெட்ஃபர்ன், வோர்த் ஆகிய ஏழு இல்லங்கள் அவருக்கு ஆதரவாக நின்றன. உயர்ந்த காகிதம், ழோர்ழ் பெஞோவின் வார்ப்புக்கூடத்திலிருந்து புதிதாக வந்த கோஷேன் என்னும் அச்செழுத்துக்கள், ஆண்டுச் சந்தா 100 ஃபிராங்க். இதழ் ஒன்றுக்குப் பத்து முழுப்பக்க வர்ணச் சித்திரங்கள் என்பது வழக்கம். அவற்றுள் ஏழு, அந்த ஏழு இல்லங்களின் உடைகளைக் காட்டுவன. எஞ்சிய மூன்று இருக்கின்றனவே, அவைதாம் எனக்கு மிகவும் உவப்பானவை: எந்தத் தையற்காரரும் தைக்காத உடைகளை ஓவியர்கள் தங்கள் கற்பனையிலிருந்தே படைத்துப் போட்டார்கள். ஓவியன் உடை அமைக்கலாம், அதைத் தையற்காரர் பார்த்துக் கற்கலாம் என்ற உரிமையை ஒரு வாணிகச் சஞ்சிகை தன் அமைப்பிலேயே எழுதி வைத்தது.

ஒவ்வொரு சித்திரத்தின் அடியிலும் இரண்டு செய்திகள் அச்சாகியிருக்கும். முதலில் ஒரு தலைப்பு, அது பெரும்பாலும் ஒரு சிறுகதையின் முதல் வாக்கியம் போல் இருக்கும்; அதன் கீழே சிறிய எழுத்தில் இன்ன இல்லத்தின் இன்ன உடை என்ற குறிப்பு. லெபாப் வரைந்த ஒரு படத்துக்கு, முன்னதாக வந்துவிட்டேனோ என்ற பொருளில் ஒரு கேள்வியே தலைப்பு. கீழே, புவாரேயின் நாடகசாலை அங்கி என்ற குறிப்பு. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஓர் அங்கி. கேள்வி இருப்பதனால் அந்தச் சீமாட்டி யாருக்காக வந்தாள், அவர் ஏன் இன்னும் வரவில்லை என்ற கவலை பார்ப்பவரைப் பற்றிக்கொள்கிறது. கவலையோடு கவலையாக அங்கியும் மனத்தில் பதிந்துவிடுகிறது. உடையை எண்ணிக் காட்டும் படத்திலிருந்து உடையை வாழ்ந்து காட்டும் படத்துக்கு வந்த தூரம் இது.

இனி நான் எல்லாவற்றையும்விட விரும்பிப் பேசும் பகுதிக்கு வருகிறேன். இந்தச் சித்திரங்கள் எந்த யந்திரத்தாலும் வர்ணம் பெற்றவை அல்ல. பொஷ்வார் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் முறை, வெட்டிய தகட்டின் வழியாகக் கையால் வர்ணம் தீட்டும் முறை. நம் வீட்டு வாசலில் துளையிட்ட தகர அச்சை வைத்து மாவைத் தூவிக் கோலம் இறக்குவதைப் பார்த்த எவருக்கும் இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் அதை எடுத்துச் சென்ற நுட்பத்தின் எல்லை வியப்பூட்டுவது. ஓவியர் கொடுத்த மூலச் சித்திரத்தை முதலில் ஒருவர் ஆராய்ந்து, அதில் எத்தனை வர்ணங்கள் உள்ளன, எந்த வர்ணம் முதலில் விழ வேண்டும், எது எதன்மேல் ஏறினால் மூன்றாவது சாயல் பிறக்கும் என்று பகுத்துக்கொள்வார். பிறகு செம்பு, துத்தநாகம் போன்ற உலோகத்தின் மெல்லிய தகடுகளில், ஒரு வர்ணத்துக்கு ஒரு தகடு வீதம், அவ்வர்ணம் விழ வேண்டிய இடத்தை மட்டும் கூரிய கத்தியால் வெட்டி எடுப்பார்கள். கறுப்புக் கோடுகள் முன்னரே அச்சாகியிருக்கும் தாளின்மேல் தகட்டைப் பொருத்தி, குட்டையாகவும் வட்டமாகவும் கட்டிய தூரிகையால், வர்ணத் தொழிலாளி தொட்டுத் தொட்டோ சுழற்றியோ கோவாஷ் என்னும் கெட்டியான நீர்வர்ணத்தை ஏற்றுவார். அது உலர வேண்டும். பிறகு அடுத்த தகடு. இருபது, முப்பது தகடுகள் வேண்டியிருந்த சித்திரங்களும் உண்டு. ஒரு சித்திரத்தின் ஒரு பிரதிக்கு இவ்வளவு வேலை என்றால், இதழுக்குப் பத்துச் சித்திரம், எத்தனையோ நூறு பிரதி என்று பெருக்கிப் பாருங்கள்.

இந்தத் தொழிற்கூடங்களில் பெயர் பெற்ற ஒன்றை நடத்தியவர் ழான் ஸோதே. தம் தொழிலின் ரகசியங்களை மறைத்து வைக்காமல் 1925-இல் ஒரு பெரிய நூலாகவே எழுதி வெளியிட்ட பெருந்தகை அவர். அவருடைய கூடத்தின் பெயர் சில புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. ஆனால் தூரிகை பிடித்த தொழிலாளர்களின் பெயர்கள் அச்சாகவில்லை. அவர்களில் பெண்கள் மிகுதி. சீமாட்டி ஒருத்தி ஒரு மாலை விருந்துக்கு அணிந்து செல்லும் மேலங்கியின் நீலத்தை, அந்த விருந்துக்கு ஒருபோதும் அழைக்கப்படாத பெண்ணொருத்தி, நூறு தாளிலும் ஒரே சாயலாக வருமாறு, நாள் முழுவதும் குனிந்திருந்து தீட்டியிருக்கிறாள்.

அந்த உழைப்பின் தடம் தாளில் இருக்கிறது. அசல் ஏடு ஒன்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். யந்திர அச்சில் தெரியும் புள்ளிக் கூட்டம் இங்கே இராது. வர்ணம் தாளின்மேல் ஒரு மெல்லிய தோல் போல் படிந்திருக்கும். தகட்டின் விளிம்பில் தூரிகை வந்து மோதி நின்ற இடத்தில், வர்ணம் மயிரிழை அளவு மேடாகத் திரண்டிருக்கும்; விரலால் தடவினால்கூடத் தெரியும் என்று தோன்றும், ஆனால் தடவக் கூடாது. பெரிய பரப்புகளில் தூரிகை மயிர்களின் கீற்றுகள் ஒரே திசையில் ஓடும். கெட்டிக்காரத் தொழிலாளி அந்தக் கீற்றைத் துணி விழும் திசையிலேயே இழுத்திருப்பார், அதனால் ஆடைக்கு நெசவு வந்துவிடும். பாவாடையின் அடிப்பகுதியில் கருநீலமாகத் தொடங்கி இடையருகே வெளிறிப் போகும் சாயலை ஒரே தகட்டில், கையின் அழுத்தத்தை மட்டும் மாற்றிக் கொண்டுவந்திருப்பார். தங்கப் பொடியும் வெள்ளிப் பொடியும் கலந்த வர்ணத்தை ஜரிகை இருக்கும் இடத்தில் வைத்திருப்பார்கள். தாளைச் சற்றே சாய்த்தால் அந்த இடம் மட்டும் மின்னும். ஒரு பிரதியைப் போல மற்றொரு பிரதி அப்படியே இருப்பதில்லை. இவற்றைப் பிரதி என்று சொல்வதா, மூலம் என்று சொல்வதா என்று கேட்டால், ஒவ்வொன்றும் மூலமே என்று தயங்காமல் சொல்வேன்.

இந்த முறைக்கு ஏற்றபடி ஓவியரும் தம் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். நிழலைக் குழைத்துப் பூசுபவருக்குத் தகடு ஒத்துழைக்காது. தெளிந்த விளிம்பும் தீர்ந்த பரப்பும் உடையவருக்குத்தான் அது கைகொடுக்கும். அந்தத் தெளிவில் மற்றெல்லோரையும் மிஞ்சியவர் ழோர்ழ் பார்பியே என்பது என் தீர்ப்பு. 1882-இல் நாந்த் நகரத்தில் பிறந்த அவர், லூவ்ர் அருங்காட்சியகத்தின் கிரேக்கப் பானைச் சித்திரங்களையும் பாரசீக நுண்சித்திரங்களையும் ஆழ்ந்து கற்றவர். அவருடைய பெண்கள் நிற்கும்போதும் நாட்டியத்தின் ஏதோ ஒரு நிலையிலிருந்து அப்பொழுதுதான் வந்து நின்றவர்கள் போல் இருப்பார்கள்; ருஷ்ய நாட்டியக் குழுவைச் சேர்ந்த நிஜின்ஸ்கியின் நாட்டியங்களை அவர் 1913-இல் ஒரு தொகுப்பாகவே வரைந்தவர் அல்லவா? 1922 முதல் 1926 வரையில் அவர் ஆண்டுதோறும் வெளியிட்ட 'ஃபல்பலா எ ஃபன்ஃபிரெலூஷ்' என்ற மலர்களிலும், 'லெ போனெர் து ழூர்' என்ற பெரிய தொகுப்பிலும் ஆடை ஒரு சாக்குத்தான். மாலை விருந்து, பிரிவு, பொறாமை, சோம்பல் என்று மனித பாவங்களையே அவர் உடைகளைக் கொண்டு நடிக்கச் செய்தார்.

லெபாப், பார்பியே, ஷார்ல் மார்த்தேன், பியேர் பிரிஸோ, பெர்னார் பூதே தெ மோன்வெல், அந்திரே மார்த்தி என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். இவர்களில் ஒவ்வொருவரையும் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிட முடியும் என்பதைத் தவிர வேறு எதையும் இங்கே நான் சேர்க்கப்போவதில்லை. வாலன்தீன் கிரோஸ் என்ற பெண்மணியும் 'கஸெத்' சஞ்சிகைக்கு வரைந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றைப் புகழும்போது மறைக்கக் கூடாத ஒரு குறையும் உண்டு. இச்சித்திரங்களில் வரும் கீழ்த்திசை நம்முடைய கீழ்த்திசை அன்று. இலண்டன் நகரத்துச் சவுத் கென்ஸிங்டன் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளில் இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு மயங்கிய புவாரே, ஆள் வைத்து அவற்றின் கட்டுகளைப் படியெடுக்கச் செய்தார்; அவற்றைப் பாரிஸ் சீமாட்டிகளின் தலையில் ஏற்றினார். 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆயிரத்திரண்டாம் இரவு என்ற பெயரில் அவர் நடத்திய விருந்தில் விருந்தினர் யாவரும் கீழ்நாட்டு வேடத்தில் வர வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்த வேடத்தின் வர்ணம் இனிது; ஆனால் நம் நாட்டில் தலைப்பாகை கட்டுபவனின் உழைப்போ மானமோ அதில் இல்லை. சில ஓவியங்களில் கறுத்த நிறமுடைய பணியாள், சீமாட்டியின் வெண்மையை எடுத்துக் காட்டும் அலங்காரப் பொருளாக மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறான். கோட்டின் அழகை ரசிக்கும் கண் இதையும் பார்க்கத்தான் வேண்டும். பார்த்துவிட்டு, கோட்டின் அழகை இல்லை என்று சொல்லவும் வேண்டியதில்லை.

1914-இல் யுத்தம் வந்தது. 'கஸெத்' சஞ்சிகை 1915-இல், சான் பிரான்சிஸ்கோ நகரக் கண்காட்சிக்கு அனுப்பிய உடைகளைப் பற்றி ஒரு தனி மலர் வெளியிட்டதோடு நின்று, 1920-இல்தான் மறுபடி தொடர்ந்து வெளிவரலாயிற்று. போன உலகம் திரும்பி வரவில்லை. ஆனால் இந்தப் பிற்காலத்திலும் ஒரு புதுமை நேர்ந்தது. மத்லேன் வியோன்னே என்ற அம்மையார், துணியை நெசவின் குறுக்காகச் சாய்த்து வெட்டி, தையல் குறைவாக உடம்போடு ஒழுகி வரும் ஆடைகளைச் செய்தார். அவற்றை வரைய வந்த தயாத் என்ற இத்தாலிய ஓவியர், ஆடையின் ஓரக்கோட்டோடு நிற்காமல், அது அசையும்போது வெளியில் எழும் வளையங்களையும் கோணங்களையும் சேர்த்தே வரைந்தார். புதிய வெட்டு வந்ததும் அதற்குப் புதிய கோடும் வந்துவிட்டது. 1908-இல் புவாரேயும் இரீப்பும் சேர்ந்து செய்ததே இங்கே வேறு உருவத்தில் நடந்தது.

அமெரிக்கச் சஞ்சிகைகளுக்கோ அக்காலத்தில் அச்சு எண்ணிக்கை பெரிதாக இருந்தது. அங்கே கையால் தீட்டுவதற்கு இடமிருக்கவில்லை. ருஷ்ய நாட்டில் பிறந்து புவாரேயின் இல்லத்தில் பணிபுரிந்த எர்த்தே, 1915 முதல் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழின் அட்டைகளை வரைந்தார். ஹெலன் டிரைடன் அம்மையார் 'வோக்' இதழுக்குப் பல ஆண்டுகள் வரைந்தார். இவர்கள் கோடு நேர்த்தியானது. ஆயினும் யந்திரத்தில் அச்சாகி வந்த அந்த வர்ணத்துக்கும் பொஷ்வார் வர்ணத்துக்கும் உள்ள வேற்றுமை, பார்த்த கண்ணுக்கு மறக்காது.

'கஸெத்' சஞ்சிகை, 'வோக்' இதழின் உரிமையாளரான காண்டே நாஸ்ட் கைக்கு மாறி, 1925-இல் அவ்விதழோடு இணைந்து மறைந்தது. பாரிஸில் அலங்காரக் கலைகளின் பெருங்கண்காட்சி நடந்த அதே ஆண்டு அது. அந்தக் கண்காட்சிக்காக ஸேன் நதியில் மூன்று படகுகளை அலங்கரித்து நிறுத்திய புவாரே அதனால் பெருங்கடனில் ஆழ்ந்தார்; அவருடைய இல்லம் 1929-இல் மூடப்பட்டது; 1944-இல் வறுமையில் இறந்தார். இரீப் 1935-இலும் பார்பியே 1932-இலும் காலமாயினர். அந்த 1932-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து 'வோக்' இதழின் அட்டையில், ஓவியத்துக்குப் பதிலாக, முதல் தடவையாக ஒரு வர்ணப் புகைப்படம் வெளிவந்தது. அதை எடுத்தவர், நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அதே ஸ்டைக்கன். 1911-இல் தூரிகையோடு ஒரே கட்டுரையில் நின்று வர்ணக் குறைவால் தோற்ற காமிரா, இருபத்தோராண்டு காத்திருந்து, வர்ணத்தைப் பெற்றுக்கொண்டு வந்துவிட்டது. இதில் எவர்மீதும் பழி சொல்ல எனக்கு மனமில்லை; ஸ்டைக்கனும் பெருங்கலைஞரே. ஆனால் துணி எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவி, துணி எப்படி இருக்கலாம் என்று கனவு காணும் கையை விலக்கிவிட்டது என்பது உண்மை.

அன்பர்களே, இந்தச் சித்திரங்களின் தொகுப்புகள் உலகத்தின் பெரிய நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. பிற்காலத்தில் யந்திரத்தில் அச்சிட்ட மறுபதிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் கோடு இருக்கும், வர்ணத்தின் தோல் இராது. உங்களில் எவருக்கேனும், குறிப்பாக ஓவியக் கல்லூரிகளில் பயிலும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும், அசல் ஏடு ஒன்றைக் காணும் வாய்ப்பு நேருமானால், உடையின் பெயரையும் ஓவியரின் கையெழுத்தையும் படித்ததோடு திருப்தியடைந்து திரும்பிவிடாதீர்கள். ஒரு பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வர்ணத்தின் விளிம்பைப் பாருங்கள். இத்தகைய ஏடுகளுக்கு விவர அட்டவணை எழுதும் பணியில் இருப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: தையல் இல்லத்தின் பெயரும் ஓவியரின் பெயரும் எழுதும் இடத்தில், வர்ணம் தீட்டிய தொழிற்கூடத்தின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்; தெரியாவிட்டால், கையால் வர்ணம் தீட்டப்பெற்றது என்ற குறிப்பையாவது சேர்த்து எழுதுங்கள்.